கடல் கடந்த பட்டறையும் கைவிடக்கூடாத பொறுப்பும்

1643ஆம் ஆண்டு லண்டனிலிருந்து சூரத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் எழுதியது. நீங்கள் அனுப்பும் வண்ண மெத்தை விரிப்புகள் பெரும்பாலும் மங்கிய சிவப்பு அடிநிறத்தில் வருகின்றன. இங்கே அவை எடுபடவில்லை. இனி வெள்ளை அடிநிறம் கூடுதலாக இருக்கட்டும், நடுவில் பூவும் கொடியும் வண்ணத்தில் வரட்டும் என்பது அதன் சாரம். பூவும் கொடியும் எப்படி அமைய வேண்டும் என்பதை மட்டும் தீட்டுபவரின் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். அந்தச் சுதந்திரம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1662இல் ஆர்டரோடு சேர்த்து, இதைப் பார்த்துச் செய்யுங்கள் என்று மாதிரிகளும் கப்பலேறின.

வடிவமைப்பு ஓரிடம், உற்பத்தி கடலுக்கு அப்பால் வேறோரிடம் என்ற தொழில்முறைக்கு இத்தனை வயதாகிறது. இன்று சென்னையிலோ கோவையிலோ ஓர் இளைஞர் கணினியில் ஒரு பொருளை வரைகிறார். தண்ணீர் பாட்டிலாக இருக்கலாம், பிள்ளைகளின் பள்ளிப் பையாக இருக்கலாம், சமையலறைக் கருவியாக இருக்கலாம். கோப்பு ஷென்சென்னுக்குப் போகிறது. அங்கே மோல்டு வெட்டி, முதல் சாம்பிள் அனுப்புகிறார்கள். திருத்தம் சொல்லி, முன்பணம் கட்டி, சில மாதங்களில் சரக்குக் கன்டெய்னர் துறைமுகத்தில் இறங்குகிறது. சொந்த ஆலை இல்லை. சொந்தப் பொருள் உண்டு. வாடிக்கையாளர் கேட்ட பொருளை வடிவமைத்து வெளிநாட்டில் செய்வித்துத் தருவதையே முழுத் தொழிலாக நடத்துபவர்களும் பெருகிவிட்டார்கள்.

இந்தத் தொழில்முனைவோரைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. முதல் இல்லாதவருக்கும் ஒரு பொருளை உலகச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழி இதில் இருக்கிறது. ஆனால், இந்தத் தொழிலின் நானூறு ஆண்டு வரலாறு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. வேலையை வெளியே கொடுக்கலாம். அந்த வேலையைப் பற்றிய அறிவையும், அதைச் செய்பவர் மீதான பொறுப்பையும் வெளியே கொடுக்க முடியாது. கொடுக்க முயன்றவர்கள் நஷ்டப்பட்டார்கள். அவர்களைவிட அதிகமாக, அவர்களுக்காக வேலை செய்தவர்கள் நஷ்டப்பட்டார்கள்.

சோழமண்டலக் கரையின் கணக்கு

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியர்கள் தேடி வந்தது மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும். மொலுக்கத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளிக் காசைவிடத் துணி அதிகம் பயன்பட்டது. அதுவும் சோழமண்டலக் கரையின் துணி. டச்சுக் கம்பெனியின் ஹென்ட்ரிக் பிரவுவர் 1612இல் சோழமண்டலத்தை மொலுக்கத் தீவுகளின் இடது கை என்றே எழுதினார். இங்கிருந்து துணி போகாவிட்டால் அங்கே வணிகமே செத்துவிடும் என்பது அவர் கணிப்பு. மறு ஆண்டு பழவேற்காட்டில் டச்சுக் கோட்டை எழுந்தது. ஒவ்வொரு தீவுக்கும் ஒவ்வொரு ரசனை. ஓரிடத்தில் விற்கும் கரை இன்னோரிடத்தில் விற்காது. அதனால் எந்தத் துறைமுகத்துக்கு எந்த நீளம், எந்த நிறம், எந்தக் கரை என்று குறிப்பிட்டே ஆர்டர்கள் வந்தன.

சென்னை பிறந்ததற்கும் இந்தத் தொழில்தான் காரணம். 1639இல் ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணல்வெளியைத் தேர்ந்தபோது சொன்ன முக்கியமான நியாயம், இங்கே நல்ல துணி மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவாகக் கிடைக்கிறது என்பது. பாதுகாப்பான துறைமுகம் இல்லாத, அலை மோதும் ஒரு கரையில் ஒரு பெருநகரத்தின் கால்கோள் விழுந்தது, துணியின் கொள்முதல் விலையை நம்பி.

அந்தத் துணிக்குப் பின்னால் இருந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நெய்து வந்த பருத்தித் துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பிடிக்கும். பாலின் கொழுப்பு, தீட்டும் சாறு பரவாமல் தடுக்கும். காய்ந்த துணியை மரக்கட்டையால் அடித்து வழவழப்பாக்கி, ஊசியால் துளையிட்ட தாளை அதன் மேல் விரித்துக் கரித்தூளைத் தட்டினால், வரைவு புள்ளி புள்ளியாக இறங்கும். புளிக்கவைத்த நீரில் துருவேறிய இரும்பு கறுப்புக் கோடாகும். சிவக்க வேண்டிய இடத்தில் படிகாரம் தீட்டி, சாயவேர்க் கொதிநீரில் போட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டு மீதித் துணி முழுவதையும் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் தோய்ப்பார்கள். பிறகு மெழுகை நீக்கி, சாணநீரில் அலசி, வெயிலில் நனைத்து நனைத்து உலர்த்துவார்கள். மஞ்சளை மேலே தீட்டினால் நீலம் பட்ட இடம் பச்சையாகும். ஒரு நல்ல விரிப்பு முடிய மாதக்கணக்கில் ஆகும். பல முறை துவைத்தாலும் சாயம் போகாத அந்தத் துணிக்கு ஈடு அன்று ஐரோப்பாவில் இல்லை.

சாயவேருக்கும் ஒரு நிலவியல் உண்டு. கிருஷ்ணை டெல்டாவின் கரை மணலில் விளைந்தது பேர்பெற்றது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் டச்சுக்காரர்கள் ஆள் வைத்துத் தோண்டி எடுத்தார்கள். லண்டன் மாளிகையின் படுக்கை விரிப்பு, யாழ்ப்பாணத்து மணலைக் கிளறியவரின் கூலியையும் உள்ளடக்கிய பொருளாக இருந்திருக்கிறது. இதை அன்று வாங்கியவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

கம்பெனிக்கும் தறிக்கும் இடையில் பல கைகள். சென்னைக் கோட்டைக்கு ஆர்டர் வந்ததும் தலைமை வணிகர் முன்பணம் வாங்குவார். பதினேழாம் நூற்றாண்டுச் சென்னையில் பேரி திம்மண்ணாவும் காசி வீரண்ணாவும் அந்த இடத்தில் இருந்தார்கள். 1680இல் காசி வீரண்ணா இறந்தபோது சென்னையின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர் அவர். வணிகரிடமிருந்து பணம் சிறு தரகருக்கும், தலைமை நெசவாளருக்கும், கடைசியில் தறிக்கும் இறங்கும். திரும்பி வந்த துணியைக் கோட்டைக் கிடங்கில் மாதிரித் துணியோடு ஒப்பிட்டு முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று பிரிப்பார்கள்; ரகம் இறங்கினால் விலை இறங்கும். 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் கூவம் வளைவில் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கி, நூற்பவர், நெய்பவர், வண்ணம் தீட்டுபவர், வெளுப்பவர் எல்லோரையும் குடியமர்த்தியது இந்தச் சங்கிலியின் நீளத்தைக் குறைக்கத்தான். இன்று ஏற்றுமதி வளாகம் என்று நாம் சொல்வதன் முன்னோடி அது.

அந்தக் காலத்து நெசவாளர் வெறும் கூலியாளாக இருக்கவில்லை என்பதும் முக்கியம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை அவருக்கு இருந்தது. அதிகாரி கெடுபிடி செய்தால் ஊரோடு பெயர்ந்து வேறு ஆட்சிக்குள் போய்விடுவார். வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி இதை விரிவாக எழுதியிருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாங்குபவரே ஆள்பவராக ஆனபோது நிலைமை தலைகீழானது. கம்பெனியின் குமாஸ்தா தறிக்கு நேராக வந்தார். போக்கிடம் இல்லாமல் போன நெசவாளர் கடனாளியானார்.

அறிவு கடல் கடந்தபோது

துணி மட்டுமா போனது? புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி போலியோ, 1734 வாக்கில் சாயமிடும் ஒவ்வொரு கட்டத்தையும் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி இணைத்துக்கொண்டார். 1742இல் ஏசு சபைப் பாதிரியார் கூர்து, தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற ஓவியர்களிடம் கேட்டறிந்த முறையை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். அது அச்சேறியது.

இதற்கிடையில் இந்தியத் துணியின் வரவு ஐரோப்பிய நெசவாளரின் வயிற்றில் அடித்தது. பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் 1719இல் தெருவில் இறங்கி, இந்தியச் சீட்டி உடுத்திய பெண்களின் ஆடைகளைக் கிழித்தார்கள். 1721இல் இங்கிலாந்தின் தடைச் சட்டம் இறுகியது. பிரெஞ்சுத் தடை 1759இல் நீங்கியதும், மறு ஆண்டே ஓபர்காம்ஃப் என்பவர் பாரிஸ் அருகே ழூயியில் துணி அச்சிடும் பட்டறையைத் தொடங்கினார். அச்சுக்கட்டையும் செப்புத் தகடும் பின்னர் உருளையும் வந்தன. கையால் மாதக்கணக்கில் தீட்டியதை ஓர் இயந்திரம் நாளில் முடித்தது.

இந்த வீழ்ச்சிக்கு ஆதிக்கமும் சட்டமும் இயந்திரமும் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால், அறிவு எந்தத் திசையில் நகர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வாங்கியவர் பட்டறைக்குள் வந்து, துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் படித்தார். ஐரோப்பியச் சந்தையைப் பொறுத்தவரை, செய்தவரோ வாங்குபவரின் வீட்டைக் கண்டதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வந்து சேர்ந்த மாதிரி ஒன்றுதான். ஆர்டர் நின்ற நாளில் உலகின் மிகச் சிறந்த சாயக் கலைஞருக்கு, தன் பொருளை வேறு யாருக்கு எந்த வடிவில் விற்பது என்று தெரியவில்லை.

இதே கரையில் மாறான உதாரணமும் இருக்கிறது. நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் சொந்தக் கப்பலில் கெடாவுக்கும் அச்சேவுக்கும் போன மரைக்காயர்கள், எந்தத் துறைமுகத்தில் எந்தக் கைலி விற்கும் என்று நேரில் அறிந்திருந்தார்கள். இங்கே தறியையும் அறிவார்கள், அங்கே வாடிக்கையாளரையும் அறிவார்கள். ஐரோப்பியக் கம்பெனிகளின் நெருக்கடிக்கு நடுவிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை அவர்கள் கடலில் நிலைத்தார்கள். 1786இல் பினாங்கு உருவானபோது அங்கே தொடக்கத்திலேயே கால் ஊன்றியவர்களில் அவர்களும் உண்டு.

பதினைந்திலிருந்து மூன்றுக்கு

இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தொழிலின் இலக்கணத்தை எழுதியது ஹாங்காங். 1906இல் குவாங்சோவில் ஃபுங் பாக்-லியூ, லி டோ-மிங் இருவரும், பின்னர் ஹாங்காங்குக்கு இடம்பெயர்ந்த லி அண்ட் ஃபுங் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பீங்கான், பட்டு, பட்டாசு, பிரம்புப் பொருள்கள் ஏற்றுமதி. ஃபுங் ஆங்கிலம் தெரிந்தவர். சீன ஆலைக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது, அமெரிக்க வணிகருக்குச் சீனம் தெரியாது என்ற நிலையில் அந்த மொழியறிவே மூலதனம். அவருடைய பேரன் விக்டர் ஃபுங் 1998இல் ஒரு பேட்டியில் குடும்பக் கணக்கை வெளிப்படையாகச் சொன்னார். தாத்தா காலத்தில் கமிஷன் 15 சதவீதம். அப்பா காலத்தில் 10. தான் 1970களில் ஹாங்காங்குக்குத் திரும்பி வந்தபோது 5 ஆகி, 3ஐ நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பத்தாண்டில் உங்களைப் போன்ற தரகர்கள் இருக்க மாட்டார்கள் என்று நண்பர்கள் எச்சரித்தார்களாம்.

மொழிபெயர்ப்பதும் அறிமுகம் செய்வதும் மட்டுமே வேலை என்றால் அந்த எச்சரிக்கை பலித்திருக்கும். பேரன் தலைமுறை வேலையையே மாற்றியது. ஐரோப்பியக் கடை ஒன்று 10,000 ஆடைகளுக்கு ஆர்டர் கொடுத்தால், நூலைக் கொரியாவில் வாங்கி, தைவானில் நெய்து சாயமிட்டு, ஜிப்பைச் சீனாவில் எடுத்து, தாய்லாந்தில் ஐந்து ஆலைகளில் பிரித்துத் தைப்பார்கள். ஐந்து வாரத்தில் ஐந்து ஆலைச் சரக்கும் ஒரே ஆலையில் தைத்தது போல் கடைக்குப் போகும். எந்த ஆலையிலும் அவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால், எந்தத் தறி எப்போது காலியாகும், எந்த ஆலையின் தையல் எந்தத் துணிக்குப் பொருந்தும் என்ற அறிவு அவர்களிடம் இருந்தது. ஓர் ஆலையின் மொத்த உற்பத்தியில் 30 முதல் 70 சதவீதம்வரை தாங்கள் எடுப்பது என்ற கொள்கையும் வைத்திருந்தார்கள். அதற்குக் குறைந்தால் ஆலைக்காரர் மதிக்க மாட்டார். அதற்கு மேல் போனால் அவர் நம்மையே நம்பி நிற்பார், நம் ஆர்டர் நின்றால் அவர் கதி அதோகதி. இது நல்ல வணிகக் கணக்கு. அதில் ஓர் அறக்கணக்கும் இருக்கிறது.

அந்த நிறுவனமும் காலத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. பெரிய கடைகள் ஆலைகளோடு நேரடியாகப் பேசக் கற்றன. இணைய வணிகம் பழைய கடைகளைச் சாய்த்தது. 2020இல் லி அண்ட் ஃபுங் ஹாங்காங் பங்குச் சந்தையிலிருந்து வெளியேறியது. நூற்றாண்டு கண்ட ஒரு நிறுவனத்தின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையே காட்டுகின்றன. மற்றவருக்கு இல்லாத அறிவு கையில் இருந்தவரை லாபம் இருந்தது. அந்த அறிவு எல்லோருக்கும் பொதுவானபோது கமிஷனும் கரைந்தது.

ஒரு காலணி, இரண்டு உரிமையாளர்கள்

ஆலை இல்லாத வடிவமைப்பாளர் என்றால் உலகம் முதலில் நினைப்பது நைக்கியை. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஓட்டக்காரராக இருந்த பில் நைட்டும் அவருடைய பயிற்சியாளர் பில் பவர்மேனும் 1964இல் ஆளுக்கு 500 டாலர் போட்டு புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கினார்கள். ஜப்பானின் ஒனிட்சுகா நிறுவனம் செய்த காலணியை இறக்குமதி செய்து, ஓட்டப்பந்தய மைதானங்களில் நைட் தன் காரில் வைத்து விற்றார்.

பவர்மேனின் வேலைதான் இங்கே கவனிக்கத் தக்கது. வந்த காலணிகளைக் கத்தியால் கிழித்துப் பார்ப்பார். அமெரிக்க ஓட்டக்காரரின் காலுக்கு எங்கே மெத்தென்று இருக்க வேண்டும், எங்கே எடை குறைய வேண்டும் என்று தன் மாணவர்களின் காலிலேயே சோதித்து ஜப்பானுக்கு எழுதுவார். இரண்டு காலணிகளின் நல்ல அம்சங்களைச் சேர்த்து அவர் உருவாக்கியதே கார்டெஸ். வடிவம் ஓரிகனில்; உற்பத்தி ஒனிட்சுகாவின் ஆலையில். உறவு முறிந்தபோது வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. இருவரும் அதே வடிவத்தை விற்கலாம், கார்டெஸ் என்ற பெயர் மட்டும் நைக்கிக்கு என்று 1974இல் தீர்ப்பானது. இன்றும் ஒனிட்சுகா அதே காலணியைக் கோர்சேர் என்ற பெயரில் விற்கிறது. மோல்டு யாருடையது, வரைவு யாருடையது, பெயர் யாருடையது என்பதை முதல் ஆர்டருக்கு முன்பே எழுதிக்கொள்ள வேண்டும் என்று இந்தத் தொழிலில் அனுபவசாலிகள் அடித்துச் சொல்வதன் காரணம் இதுதான்.

பிறகு ஜப்பானில் கூலி ஏறியது. உற்பத்தி கொரியாவுக்கும் தைவானுக்கும் நகர்ந்தது. அங்கே ஏறியதும் இந்தோனேசியா, சீனா, வியட்நாம். ஒவ்வொரு நகர்விலும் வடிவமைப்பாளருக்கும் தொழிலாளிக்கும் இடையே இன்னொரு சுவர் எழுந்தது. 1990களில் இந்தோனேசிய ஆலைகளின் கூலியும் பாகிஸ்தானின் சியால்கோட்டில் பந்து தைத்த குழந்தைகளின் படமும் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. அவை எங்கள் ஆலைகள் இல்லையே என்ற பதில் எடுபடவில்லை. 1998 மே மாதம் வாஷிங்டனில் நைட் பத்திரிகையாளர்கள் முன் நின்று, அடிமைக் கூலிக்கும் கட்டாய ஓவர்டைமுக்கும் மறுபெயராகவே நைக்கி ஆகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். குறைந்தபட்ச வயதை உயர்த்துவதாகவும், ஆலைக் காற்றின் தரத்தைச் சீராக்குவதாகவும் அறிவித்தார். 2005இல் நிறுவனம் தன் பொருள்களைச் செய்யும் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டது. அதுவரை அந்தப் பட்டியல் வணிக ரகசியமாக இருந்தது.

பழி யாருக்கு?

2007இல் மேட்டல் நிறுவனம் சீனாவில் செய்வித்த பொம்மைகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. சில பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் அளவுக்கு மேல் இருந்தது. சீனப் பொருள் என்றாலே விஷம் என்று உலகமே பேசியது. ஈய வண்ணச் சர்ச்சையில் சிக்கிய ஃபோஷான் ஆலை ஒன்றின் உரிமையாளர் தற்கொலை செய்துகொண்டார். ஆனால், திரும்பப் பெற்ற பொம்மைகளில் பெரும்பகுதி ஈயத்தால் வந்தவை அல்ல. சிறு காந்தங்கள் கழன்று குழந்தை விழுங்கும்படி இருந்த வடிவமைப்புக் குறையால் வந்தவை. அந்த வடிவம் மேட்டலுடையது. அவ்வாண்டு செப்டம்பரில் மேட்டலின் மூத்த அதிகாரி பெய்ஜிங்குக்குப் போய், குறை எங்கள் வடிவமைப்பில்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பு நேர்மையானது. ஆனால், காலம் தாழ்ந்தது.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவரில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் சரிந்தது. முந்தைய நாளே சுவர்களில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடின. மேலே தைத்துக்கொண்டிருந்தவர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள். 1,134 பேர் இறந்தார்கள். இடிபாட்டிலிருந்து எடுத்த லேபிள்களைக் காட்டிய பிறகுதான், தங்கள் ஆடை அங்கே தைக்கப்பட்டதே சில பிராண்டுகளுக்குத் தெரிய வந்தது. அடுத்த மாதமே சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் உருவானது. 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் கையெழுத்திட்டன. அந்தப் பேரிழப்புக்கு முன்பே செய்திருக்க முடிந்த காரியம் அது.

நம் ஊரில் இதற்கு இணையான கணக்கை நொய்யல் ஆறு வைத்திருக்கிறது. 1978 வாக்கில் இத்தாலிய இறக்குமதியாளர் ஒருவர் வழியாகத் திருப்பூர் பனியன் வெளிநாடு போகத் தொடங்கியது. பிறகு வளர்ந்த வேகம் நாடறிந்தது. சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஐரோப்பாவில் வாங்கிய டீ-ஷர்ட்டின் விலையில் அந்த ஆறு சேர்க்கப்படவே இல்லை. அதற்குப் பின் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறையைப் பெரும் செலவில் நிறுவிய தொழில் அது. செலவு இங்கே விழுந்தது. டிசைன் அங்கே இருந்தது.

இன்று நமக்கு இரண்டு இருக்கைகள்

தமிழகம் இன்று இந்த மேசையின் இரு பக்கமும் அமர்ந்திருக்கிறது. செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே நிறுவனம் நடத்தும் ஆலைகளில், சுற்றுவட்டாரக் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் நைக்கி காலணி தைக்கிறார்கள். வடிவம் அமெரிக்காவில், மேலாண்மை தைவானிடம், கைகள் திருவண்ணாமலை மாவட்டத்தில். அதே நேரத்தில் நம் இளைஞர்கள் தங்கள் வடிவங்களைச் சீனாவிலும் வியட்நாமிலும் செய்விக்கிறார்கள். செய்து கொடுப்பவராகவும் செய்விப்பவராகவும் ஒரே நேரத்தில் இருக்கும் சமூகத்துக்கு, ஒரு பக்கத்தின் வலி மறுபக்கத்தில் அமரும்போது மறந்துவிடக் கூடாது.

திருப்பூரில் எந்த மெர்ச்சண்டைசரைக் கேட்டாலும் சொல்வார். லேப் டிப் என்ற சாய மாதிரித் துண்டை அனுப்பி நிறம் ஓகே ஆக வேண்டும். ஃபிட் சாம்பிள் போய்த் திருத்தத்தோடு திரும்ப வரும். மறுபடி அனுப்பினால், கழுத்தை அரை சென்டிமீட்டர் குறை என்று மின்னஞ்சல் வரும். பையர் பக்கம் ஒருவர் விடுப்பில் போனால் ஒப்புதல் பத்து நாள் தள்ளும். ஷிப்மெண்ட் தேதி மட்டும் தள்ளாது. அந்தப் பத்து நாளை யார் ஈடுகட்டுவது? கட்டிங் மாஸ்டரும் பவர் டேபிளில் தைப்பவரும் செக்கிங் பெண்ணும் இரவு ஷிப்டில் ஈடுகட்டுகிறார்கள். அப்படியும் முடியாவிட்டால் பையருக்குத் தெரியாத ஒரு ஜாப் ஒர்க் கொட்டகைக்கு வேலை போகிறது. அந்தக் கொட்டகையின் மின்கம்பியை எந்த ஆடிட்டரும் பார்த்ததில்லை. கட்டாய ஓவர்டைமும் கள்ள சப்-கான்ட்ராக்டும் ஆலைக்காரரின் பேராசையால் மட்டும் பிறப்பதாக நினைப்பது தவறு. வடிவமைப்பு மேசையில் ஒருவர் முடிவெடுக்கத் தாமதித்ததன் விளைவாகவும் அவை பிறக்கின்றன.

ஆகவே, வெளிநாட்டில் பொருள் செய்விக்கும் தொழிலில் இறங்குபவருக்கு முதல் தகுதி, தான் வரைவது எப்படிச் செய்யப்படுகிறது என்ற அறிவு. பிளாஸ்டிக் எந்தத் தடிமனில் குழிவிழும், எந்த வளைவு மோல்டிலிருந்து கழலாது, துணி எந்த ஜிஎஸ்எம் எடையில் சுருங்கும் என்று தெரியாதவர் அனுப்பும் கோப்பு, வேறொருவர் இரவு கண்விழித்துத் திருத்த வேண்டிய கோப்பு. இரண்டாம் தகுதி, நேரத்துக்குப் பணமும் நேரத்துக்கு முடிவும் தருவது. மூன்றாவது, தன் பொருளைச் செய்பவர் இன்னார், இந்தக் கட்டடத்தில், இந்தக் கூலிக்கு என்று ஒளிக்காமல் சொல்ல முடிவது.

செய்து கொடுக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் வரலாறு சொல்வது தெளிவு. வந்த சாம்பிளைத் தத்ரூபமாகச் செய்யும் திறமை பெரிய திறமை. அதை மட்டுமே நம்பி இருந்த சோழமண்டலக் கரையின் கதியை மறக்கக் கூடாது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிறருடைய டிசைனைத் தைத்த திருப்பூர், தன் டிசைனையும் தன் பெயரையும் உருவாக்குவதற்கு ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். வாங்குபவர் எந்த ஊரில் வாழ்கிறார், எந்தக் குளிரில் எதை உடுத்துகிறார் என்று தம் பிள்ளைகளை அனுப்பிப் பார்க்க வேண்டும். அரசும் நம் வடிவமைப்புக் கல்லூரிகளைத் தொழிற்பேட்டைகளுக்குள் கொண்டுவர வேண்டும். வரைபவரும் செய்பவரும் ஒரே கேன்டீனில் சாப்பிடும் இடத்தில் தவறுகள் விரைவில் தெரியும்.

நாளைக்குத் தன் வரைவை ஏதோ ஓர் ஊரின் ஆலைக்கு அனுப்பக் காத்திருக்கும் இளம் தொழில்முனைவோரிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதல் ஆர்டரைக் கொடுக்கும் முன் அந்தப் பட்டறைக்கு நேரில் போங்கள். அங்கே வேலை செய்பவரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆர்டர் பாதியில் இருக்கும்போது சொல்லாமல் இன்னொரு முறை போங்கள். அந்தப் பயணச் செலவு உங்கள் விலைக்குள் அடங்கவில்லை என்றால், உங்கள் விலை தவறு.